பழைய பதிப்பின் கடைசி ஆள்

மென்பொருளின் பழைய பதிப்புகளை ஏன் மூடுகிறோம் என்று எழுதித் தருவது என் வேலை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து மாளாது. சோதித்துப் பார்க்கப் பழைய கணினிகளைக் கட்டிக் காக்க வேண்டும். எழுதியவர்களோ எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். எல்லாம் உண்மையான காரணங்கள்தான்.

இந்த முறை மூடுவது ஒரு ஓவிய மென்பொருளின் பழைய பதிப்பு. எங்கள் சர்வர் அனுமதி தராவிட்டால் அது திறக்காது. என் மனைவி துணிகளுக்கு டிசைன் வரைந்தது அதில்தான். அவள் இறந்துபோன பிறகு, தினமும் காலையில் அவளுடைய லேப்டாப்பைத் திறக்கிறேன். அவள் படங்கள் புதிய பதிப்பிலும் தெரியும். ஆனால் பழையதில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், முதல் கோட்டிலிருந்து அவள் வரைந்த வேகத்திலேயே படம் மறுபடி உருவாகும். அழித்தது, தயங்கியது எல்லாம் வரும். யாரும் பயன்படுத்துவதில்லை என்று புதியதில் அதை எடுத்துவிட்டோம்.

மூடுவதற்கு முன், மிச்சமிருப்பவர்களைப் போனில் கூப்பிட்டுச் சொல்வது எங்கள் குழுவின் வழக்கம். சோதனைப் பிரிவில் இருப்பவனைக் குண்டூசி என்போம். யாரையும் குத்தாமல் விடமாட்டான். கூட்டத்தில் அவன்தான் ஆரம்பித்தான்.

“எல்லாரும் மாறிட்டாங்க மேடம். ஒரே ஒரு உடும்பு மட்டும் விடமாட்டேங்குது. தினம் காலைல திறக்குது. ஒரு கோடு வரையறதில்ல. சும்மா பாத்துட்டு மூடிடுது.”

“வேலைவெட்டி இல்லாத ஆளா இருக்கும். போன் போடு,” என்றார் மேலாளர்.

அலுவலகப் போனில் எண்ணை அழுத்தினான். மேஜை மேல் என் போன் அதிர்ந்தது. அறியாதவர்களோடு பேச என் மனைவிக்குப் பிடிக்காது. எங்கே கேட்டாலும் என் எண்ணைத்தான் கொடுப்பாள். நான் அதை யோசித்திருக்கவில்லை.

“டேய், எவனோ கூப்பிடுறான் பாரு, எடுத்துத் தொலை…” என்றவன் பாதியில் நிறுத்தினான். ரிசீவரை வைத்தான். என் போனும் அடங்கியது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா? வேணும்னா தள்ளிப் போடலாம்.”

“வேண்டாம் மேடம். பழைய சர்வர் வழியா எவன் வேணா உள்ள வரலாம். மத்தவங்களுக்கும் ஆபத்து. அந்தக் காரணத்தை நான்தானே எழுதினேன்.”

வெளியே குண்டூசி பின்னாலேயே வந்தான். “நாளைக்குத்தான் மூடுவேன். அதுக்குள்ள வீடியோவா பிடிச்சு வை. நான் கூட வரட்டுமாடா?”

“வேணாண்டா.”

வீட்டுக்கு வந்து வீடியோப் பதிவை ஓடவிட்டு, அவள் கடைசியாக வரைந்த படத்தைத் திறந்து அந்தப் பொத்தானை அழுத்தினேன். நீல நிறக் கொடி ஒன்று மெல்ல ஏறியது. ஒரு இலையைத் திரும்பத் திரும்ப அழித்தாள். அப்புறம் பாதி இலையில் கோடு நின்றுவிட்டது. வாசல் மணி அடித்ததோ, நான் கூப்பிட்டேனோ, எழுந்து போயிருக்கிறாள்.

இடைவெளிகளைத் தாண்டிப் போகவும் வசதி உண்டு. நான் தாண்டவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள் இன்னும் வரவில்லை.