சீமைப்பனைக் குருத்து

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் தண்ணீர் வண்டியோடு திரும்பினேன். பங்களா வாசலில் இரண்டு சீமைப்பனைகளும் உச்சி பிளந்து நின்றன. மாதா கோயில் உபதேசியார் தைரியநாதன் கீழே குத்தவைத்துக் குருத்துகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டைத் திறந்துவிட்டவள் என் பெண்டாட்டி அடைக்கலமேரி.

சமஸ்தானம் போனதும் பங்களா ஐயா மதராஸ் போய்விட்டார். தோட்டத்தில் மற்றதெல்லாம் காய்ந்தாலும் காயட்டும், அவர் அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்து நட்ட இந்த இரண்டும் நிற்க வேண்டும் என்றார். நிற்கிறவரை மூலைக் குடிசை எங்களுக்கு. வாய்ப்பேச்சுதான்.

“என்னய்யா பண்ணிவச்சிருக்கீங்க?”

“இந்தப் பஞ்சத்துல தென்னை எதுல இன்னாசி குருத்து இருக்கு? ஆண்டவருக்குத்தானே. குருத்து எடுத்தா பனை செத்தா போயிரும்?”

நாட்டுப்பனையில் குருத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதில் வழவழவென்ற பச்சைத் தண்டுக்குள்ளே இருக்கும். தண்டைப் பிளந்து, மரத்துக்கு உயிரான உள்வெள்ளைச் சோறு வரைக்கும் அரிவாளை விட்டிருந்தார்கள்.

“எடுக்கலைய்யா, கழுத்தை அறுத்திருக்கீங்க.”

“பெரிய வாரம் பொறக்கப்போவுது, வாயைக் கழுவு.”

குடிசைக்குள் மேரி மெதுவாகச் சொன்னாள்: “கோயிலுக்குன்னு கேட்டா எப்பிடிங்க இல்லேங்கறது? நாளைக்கு நம்ம சாவுக்கு மணியடிக்க வேணாமா?”

“குடியிருக்க எடமிருந்தாத்தான்டி அதுல கெடந்து சாவலாம்.”

மறுநாள் பவனியில் ஓலைகள் வெள்ளை வெளேரென்று ஆடின. சாமியார் பீடத்திலிருந்தே உபதேசியாரைப் புகழ்ந்தாராம். நான் போகவில்லை.

வீண் என்று தெரிந்தும் தண்ணீர் ஊற்றினேன். மட்டை ஒவ்வொன்றாகப் பழுத்துத் தொங்கியது. ஆடிக் காற்றில் கடைசி மட்டையும் விழுந்தது. யாரோ சொல்லி ஐயா காரில் வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். உபதேசியாரைக் கூப்பிட்டனுப்பினார்.

“இன்னாசியே காணிக்கையா வெட்டிக் குடுத்தாருங்க. நாங்க வேணாம்னுதான் சொன்னோம்” என்றார் உபதேசியார், கண் இமைக்காமல்.

ஐயா மேரியைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. இவன்தானா?”

நானும் அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். உபதேசியார் தொண்டையைச் செருமினார்.

“விடிஞ்சதும் காலி பண்ணிடு” என்றார் ஐயா.

விடிந்ததும் கிளம்பினோம். நான் பாயும் மண்வெட்டியும் சுமந்து முன்னால் நடந்தேன். சட்டிபானைக் கூடையோடு அவள் பின்னால் வந்தாள். கோயில் வாசலைத் தாண்டினேன். பின்னால் சட்டிகள் உரசும் சத்தம் நின்றது. கூடையை இறக்கி வைத்து முழங்காலிட்டிருப்பாள்.

நான் திரும்பவில்லை. ரோடு மேட்டில் ஏறியது. சட்டிச் சத்தம் இன்னும் வரவில்லை.