தானாக உள்ளே போகும் மத்தியாஸ்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கேரள மலையிலிருக்கும் பீர்மேட்டுக்கு நான் போனது வேறொரு கதையை எழுதி முடிக்க. தங்கியிருந்த வீட்டுக்காரி அன்னாள் காலையில் புட்டும் கடலையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன எழுதுகிறேன் என்று விசாரித்தாள். சொன்னேன். அவளுக்கு அது ருசிக்கவில்லை. "அதவிட நல்லதா எங்க வீட்லயே ஒண்ணு நடந்திருக்கு சார்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரே நிபந்தனை: எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்றைக்கே ஒரு தொடக்கம் எழுதினேன்:

மூடுபனி விலகாத மலைச்சரிவில், கம்ப்யூட்டரைக் கண்டாலே நடுங்கும் அப்பாவிப் பெண் ஒருத்தி —

அன்னாள் அங்கேயே நிறுத்திவிட்டாள். நடுங்கியது யார் என்று கேட்டாள். பனியையும் எடுத்துவிடச் சொன்னாள். (எடுத்துவிட்டேன். அந்த அரை வாக்கியத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், நான் எங்கே தோற்றேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.)

2

அன்னாளின் கணவன் மத்தியாஸ் ஜீப் ஓட்டுகிறவன். இருவருமே தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். ரோட்டோரம் இடம் வாங்கி வீடு கட்டியபோது, வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கென்று பக்கத்திலேயே அறைகளும் கட்டினார்கள். அறை பதிவு செய்யும் இணையதளத்தில் கணக்குத் தொடங்கியது மத்தியாஸ். ஜீப்பில் சாய்ந்தபடி அவனுடைய படம். அதோடு சரி, அப்புறம் அவன் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் எழுதியது அன்னாள்தான், மலையாளத்திலும் இங்கிலீஷிலும். எந்த வளைவு தாண்டியதும் பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டும், அதற்கு முன்னால் எங்கே நிறுத்தி இறங்க வேண்டும் என்பதுவரை எழுதுவாள். வந்து தங்கிப் போனவர்கள், மத்தியாஸ் சேட்டன் பதில் எழுதுவதே ஒரு அழகு என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

பொறுமையே உருவான அன்னாள் அதை —

(இல்லை. அவள் ஒன்றும் பொறுக்கவில்லை. அதே தளத்தில் தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, வீட்டையும் அதில் சேர்த்துக்கொண்டாள். இனி எழுதுவதெல்லாம் தன் பெயரில்தான் போகும் என்று நம்பினாள்.)

அந்தச் சமயம் கோட்டயத்திலிருந்து ஒரு பெண், சக்கர நாற்காலியில் இருக்கும் தன் தாயைக் கூட்டிவரலாமா என்று கேட்டிருந்தாள். நாற்காலி வாசல்வரை தடங்கலில்லாமல் வரும், குளியலறைக் கதவுதான் குறுகல், அதைக் கழற்றிவிட்டுத் திரை போட்டுவைக்கிறேன் என்று அன்னாள் எழுதினாள். சொன்னபடி கதவைக் கழற்றி, திரையைத் தானே தைத்தாள். வந்திறங்கிய பெண் நேராகப் போய் மத்தியாசின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். இப்படி ஒரு பதிலை எங்கள் சொந்தக்காரர்கள்கூட எழுதியதில்லை என்றாள். மத்தியாஸ், அதெல்லாம் ஒன்றுமில்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை. திருத்தவுமில்லை. திரைக் கம்பியோடு பின்னால் நின்ற அன்னாளுக்கு அதுதான் சுட்டது.

பிற்பாடு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதிய பதிலின் தலையில் ஜீப்பும் மத்தியாசும். தளத்தைத் திறந்த உடனே, யாரென்று ஒரு வார்த்தை கேட்காமல், அது தானாகவே மத்தியாசாக உள்ளே போயிருந்தது.

3

(இங்கே நம் வீடுகளில் பெண்களின் பெயர் எங்கே போகிறது என்று ஒரு நீண்ட பத்தி இருந்தது. அன்னாள் கொட்டாவி விட்டாள். எடுத்துவிட்டேன்.)

வண்டிப்பெரியாரில் மொபைல் கடை வைத்திருக்கும் டின்டுவிடம் போன் போட்டுக் கேட்டாள். லாக் அவுட் செய்தால் போதும் சேச்சி என்றான். செய்தாள். மறுநாள் திறந்தால் மறுபடி மத்தியாஸ். திரும்பக் கேட்டபோது டின்டு யோசித்துச் சொன்னான்: வெளியே வருவது வேறு, பிரவுசர் பாஸ்வேர்டை ஞாபகம் வைத்திருப்பது வேறு. அந்த ஞாபகத்தை அழிக்காதவரை, சாவி வாசலிலேயே தொங்குகிற மாதிரிதான்.

பிரவுசர்களுக்கு அன்னாள் வைத்த பெயர்கள் வட்டம், அலை, நரி. அவற்றின் படத்தைப் பார்த்து வைத்தது. முதலில் வட்டத்தின் செட்டிங்ஸுக்குள் போய், தானாக உள்நுழையும் வசதியை அணைத்தாள்; சேமித்திருந்த பாஸ்வேர்டை அழித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அலையைத் திறந்தால் அங்கேயும் மத்தியாஸ். அலையைப் போட்ட அன்றே அது வட்டத்திலிருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. அங்கேயும் அழித்தாள். நரி கொஞ்சம் மரியாதைக்காரன். உள்ளே போகாமல், பெயரையும் பாஸ்வேர்டையும் நிரப்பிவைத்துக்கொண்டு காத்திருந்தது. அதையும் அழித்தாள். கடைசியாகத் தளத்துக்குள்ளேயே போய், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்தினாள். அவன் போனில் இருந்த மத்தியாசும் வெளியே வந்தான்.

மூன்றையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூன்றுமே கேட்டன: நீங்கள் யார்?

"அப்பத்தான் சார் எனக்கு நெஞ்சு நெறஞ்சுச்சு" என்றாள் அன்னாள். இதை அப்படியே எழுதச் சொன்னாள்.

4

மத்தியாசுக்கு விஷயம் தெரிந்தது, யாரோ ஒரு விருந்தினருக்கு வீட்டுப் படங்களைக் காட்டப்போனபோது. போனில் தளம் பாஸ்வேர்டு கேட்டது. அவனுக்கு ஞாபகமில்லை.

"என்னைய யாரு வெளிய தள்ளினது?"

"யாரும் தள்ளல. தானா உள்ள போறத நிப்பாட்டிருக்கேன். இனிமே ஆளு யாருன்னு கேட்டுட்டுத்தான் தெறக்கும்."

"நான் யாருன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான் இத்தன நாளும் நான் யாருன்னு அதுக்குத் தெரியல. பாஸ்வேர்டு நான் சொல்லித் தாரேன், நீங்களே அடிச்சு உள்ள போங்க. போனா பதிலும் நீங்களே எழுதணும்."

மத்தியாஸ் பாஸ்வேர்டைக் கேட்கவில்லை. ஜீப்பின் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான்.

(இவனைக் கெட்டவனாக்கலாமா என்று எனக்குச் சபலம் இருந்தது. கதைக்கு வசதி. ஆனால் தினமும் எனக்கு வெந்நீர் கொண்டுவந்து தந்தவன் அவன்தான்.)

5

அதற்குள் குமுளியிலிருந்து அழைப்பு வந்தது. வீடுகளில் அறை விடுகிறவர்களின் சங்கக் கூட்டம். விருந்தினருக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று மத்தியாஸ் பேச வேண்டுமாம். அவன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நீயும் வா என்றான். என்ன பேசப்போகிறான் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கோயிலுக்குக் கட்டும் சேலையில் அன்னாள் ஜீப்பில் ஏறினாள்.

முதல் முடிவு. மத்தியாஸ் மைக்கைப் பிடித்து, எழுதியதெல்லாம் என் மனைவிதான் என்கிறான். அரங்கமே எழுந்து கை —

வாசித்ததும் அன்னாளின் முகம் இறுகியது. "அவரு எடுத்துக் குடுத்தாத்தான் எம்பேரு எனக்கு வருமா?"

இரண்டாவது முடிவு. அன்னாள் மைக்கைப் பிடுங்கி, கணவனை நாலு பேர் முன்னால் —

அதுவும் வேண்டாமென்று தலையாட்டினாள். சண்டை போடுவதென்றால் வீட்டிலேயே போட்டிருப்பேன், அதற்கு எதற்கு ஜீப்புக்கு டீசல் என்றாள்.

நடந்தது இது. மேடையிலிருந்து மத்தியாஸ் என்று கூப்பிட்டார்கள். அவன் பாதி எழுந்தான். அன்னாள் தன் கைப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். அவன் மறுபடி உட்கார்ந்தான். மைக் முன்னால் நின்று மலையாளத்தில் பேசினாள். தமிழில் இப்படி வரும்:

"மத்தியாஸ் என் வீட்டுக்காரரு. அந்தா, பையோட உக்காந்திருக்காரு. பதில் எழுதுறது நான். எம்பேரு அன்னாள்."

கூட்டம் சிரித்துத் திரும்பிப் பார்த்தது. மத்தியாஸ் பையைத் தூக்கிக் காட்டினான். சிரித்தானா என்று கேட்டேன்; அங்கிருந்து முகம் தெரியவில்லை என்றாள். கழற்றிய கதவையும் தைத்த திரையையும் பற்றித் தயங்காமல் பேசினாள். இறங்கியதும், வண்டிப்பெரியாரில் அறை விடும் நாச்சம்மாள் என்பவள் வந்து கையைப் பிடித்தாள். அவள் போனில் தளம் மகன் பெயரில்தான் திறக்குமாம். இருவரும் வாசல் படியில் உட்கார்ந்தார்கள். முதலில் எதை அணைக்க வேண்டும், அப்புறம் எதை அழிக்க வேண்டும் என்று அன்னாள் சொல்லச் சொல்ல, நாச்சம்மாள் தன் விரலாலேயே அழுத்தினாள்.

6

திரும்பும்போது குமுளியிலிருந்து வண்டிப்பெரியார்வரை மத்தியாஸ் ரோட்டையே பார்த்து ஓட்டினான். ஆற்றுப்பாலம் தாண்டி ஏற்றத்தில் கியர் மாற்றும்போது ஏதோ சொன்னான்.

என்ன சொன்னான் என்று கேட்டேன். அது எங்களுக்குள்ள சார் என்று சிரித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு நாலைந்து வசனம் தோன்றியது. எதையும் எழுதப்போவதில்லை, அடுத்தவர் பேரில் உள்ளே போவது இந்த வீட்டில் செல்லாது. உங்களுக்கு வேண்டுமானால், ஜீப் பீர்மேடு ஏறி முடிக்கும்வரை நேரமிருக்கிறது. மத்தியாசைப் பேசவையுங்கள். கோபமாகவோ குழைந்தோ, உங்கள் இஷ்டம். அன்னாளை மட்டும் அழவைக்காதீர்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தில் காற்றடிக்க உட்கார்ந்து, கோட்டயத்துக்காரிக்குத் தன் பெயரில் என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டு வருகிறாள்.