மயில்கழுத்து ஹால்

ஹாலுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் தலையிட மாட்டேன் என்று கோமதிநாதன் கோமதியம்மன் சந்நிதியில் சத்தியம் பண்ணியிருந்தார். பண்ண வைத்தவள் மனைவி மீனலோசினி. வெறும் பேச்சுக்கு அவர் மசிய மாட்டார் என்பது அவளுடைய முப்பத்தோரு வருஷ அனுபவம். வீடு கட்டின காலத்தில், தன் ஆபீஸ் சுவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லி, அதே வெளிறின மஞ்சளை எல்லா அறைக்கும் அடிக்க வைத்துவிட்டார் மனுஷன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சாயங்காலம் ஆபீஸை விட்டு வீட்டுக்கு வந்தார். அவள் இருபத்துநாலு மணி நேரமும் ஆபீஸிலேயே குடித்தனம் பண்ணினாள்.

இப்போது ரிட்டயர்மென்ட் ஆகி, தரைக்கு டைல்ஸ் போட்டு, வீட்டைப் புதுப்பிக்கும்போது அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். “மத்த ரூம்பு உங்க இஷ்டம். ஹாலு எனக்கு. இந்தத் தடவையும் வாயத் தொறந்தீங்கன்னா நான் சிவகிரியில தங்கச்சி வீட்டோட போயிருவேன். விளையாட்டுக்குச் சொல்லல.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது கோமதிநாதனுக்கும் தெரிந்தது.

பெயின்டர் கடையநல்லூர் சைஃபுல்லா. பன்னிரண்டு வருஷம் ஷார்ஜாவில் பங்களா பங்களாவாகச் சுவர் அடித்தவர். அவரிடம் மீனலோசினி தன் கல்யாணப் புடவையின் ரவிக்கைத் துணியில் மிச்சமிருந்த துண்டைக் கொடுத்தாள். மயில்கழுத்துப் பட்டு. நேரே பிடித்தால் பச்சை, சாய்த்தால் நீலம். அவளுக்கு அது என்றைக்கும் ‘பச்சைப் பட்டு’தான்.

“இதே நிறம் பாய். கொஞ்சமும் மாறக் கூடாது.”

“கம்ப்யூட்டர் மெஷின்ல வச்சுக் கலந்துருவோம்மா. மெஷின் தப்பாது.”

பெயின்ட் வாடை அவளுக்குத் தலைவலி கொடுக்கும். மூன்று நாளைக்குத் தங்கச்சி வீடு என்று சிவகிரி பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் சைஃபுல்லா டின்னைத் திறந்தார். உள்ளே நீலம். பெயின்ட் கடைக்காரர் துணியை எப்படி வைத்தாரோ, மெஷின் எந்தப் பக்கத்தைப் பார்த்ததோ, சுத்தமான நீலம்.

கோமதிநாதன் வாயைத் திறந்தார். அம்மன் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஒரு சுவத்துல அடிச்சுக் காட்டட்டுமா?”

“எங்கிட்ட ஏன் கேக்கீரு? ஹாலு நம்ம டிபார்ட்மென்ட் இல்ல.”

ரோலர் ஏறி இறங்கியது. முதல் நாள் இரண்டு சுவர், மறுநாள் இரண்டு சுவர். கோமதிநாதன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பெரிதாக நிறம் பார்க்கக் கிளம்பினாளே, பார்க்கட்டும் என்று இருந்தது. சாயங்காலம் அவள் போனில், “வேலை எப்படிப் போகுது?” என்று கேட்டபோது, “போகுது” என்றார். வேறு யாராவது அவ்வளவு கட்டுப்பாடாக இருந்திருந்தால் அவரே பாராட்டியிருப்பார்.

மூன்றாம் நாள் மீனலோசினி வந்தாள். பையைக் கீழே வைக்காமல் நாலு சுவரையும் பார்த்தாள்.

“இது நீலம்லா.”

சைஃபுல்லா அவசரமாகத் துணியை எடுத்துச் சாய்த்துக் காட்டினார். “பாருங்கம்மா, இங்கன பாத்தா அதே நீலம்தான்.”

அவள் துணியைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். “இத நான் பச்சைப் பட்டுன்னு சொல்லுதது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“டின்னைத் தொறக்கும்போது அங்கன இருந்தீங்களா?”

“இருந்தேன். நீதானே வாயத் தொறக்கப்பிடாதுன்னு...”

“அன்னைக்கு எங்கிட்டக் கேக்கல. இன்னைக்கு எங்கிட்டச் சொல்லல. ரெண்டுலயும் நான் எங்க இருக்கேன்?”

சத்தம் போட்டிருந்தால் அவர் பதில் வைத்திருப்பார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். பை இன்னும் தோளிலேயே இருந்தது. அப்படியே திரும்பிச் சிவகிரி பஸ் ஏறிவிடுவாளோ என்று இருந்தது அவருக்கு. இரண்டு நாள் நாற்காலி போட்டுச் சந்தோஷப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

சத்தியத்தை அம்மனே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் வாயைத் திறந்தார். “தப்புத்தான் மீனா. சொல்லு. உனக்கு என்ன நிறம் வேணும்?”

மீனலோசினிக்குக் கண் கலங்கிவிட்டது. கவிழ்த்துப் போட்டிருந்த பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்து, பையைத் தோளிலிருந்து இறக்கினாள். சுவரைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

“திடீர்னு கேட்டா எப்படி?” என்றாள். “யோசிக்கணும்லா.”

“பச்சையே அடிச்சிரலாமே” என்று ஆரம்பித்தார் சைஃபுல்லா.

“அவ யோசிக்கட்டும் வே” என்றார் கோமதிநாதன்.

சைஃபுல்லா ரோலரைக் கழுவி வைத்துவிட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிக் கடையநல்லூருக்குப் புறப்பட்டார். திங்கட்கிழமையும் மீனலோசினி யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். கோமதிநாதனும் அடுப்படியில், ஹாலிலிருந்து எடுத்துப் போட்ட தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே நின்று சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார்.