துமானின் ஆடு

"அப்பா, இது யாரோட நாய்? நம்மளோடதா, ஆட்டோடதா?"

எட்டு வருடங்களுக்கு முன்பு நெவின் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. கண் திறந்து சில வாரங்களே ஆன துமானை அவளுடைய அப்பா ஷாகிர் ஆட்டுப்பட்டியில் விட்டிருந்தான். நாய்க்குட்டி ஓர் இளம் ஆட்டின் வயிற்றில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆட்டோடதுதான்டி. நமக்குச் சும்மா இரவல்," என்று ஷாகிர் சிரித்தான்.

இப்போது நெவின் சிவாஸ் நகரத்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஷாகிர் இறந்து ஐம்பது நாள் ஆகிறது.

அவன் மனைவி குல்லு அழவில்லை. நாற்பதாம் நாள் ஓதலுக்கு வந்த பெண்கள் அதைக் கவனித்தார்கள். அவள் ரவை அல்வா கிண்டினாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அடக்கத்தன்று இமாம் வழக்கம்போல மூன்று முறை கேட்டார்: "இவர் உங்களுக்கு ஏதாவது பாக்கி வெச்சிருந்தா, அதை மன்னிச்சு ஹலால் ஆக்கிட்டீங்களா?" ஊரே "ஹலால்" என்றது. எல்லாவற்றுக்கும் மேலே பக்கத்து ஊர் துர்சுனின் குரல் கேட்டது. பெண்களோடு தள்ளி நின்றிருந்த குல்லுவின் காதில் அது விழுந்தது. அதன் பிறகு எந்தப் பேச்சும் அவளுக்குக் கம்பளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதுபோலத்தான் இருந்தது.

ஆடுகளை ஒரு வியாபாரி ஓட்டிக்கொண்டு போனான். துமான் மட்டும் நின்றது. சாலையோரத்தில் இருந்த அந்த வீட்டை அது யாரையும் நெருங்க விடவில்லை.

ஊர்த்தலைவர் ஜெலால் வேலிக்கு வெளியிலேயே நின்று பேசினார். "அண்ணி, பால்காரன் பேண்ட்டப் பாத்தீங்களா? பாதிதான் மிச்சம். ஆடே இல்லாத வீட்டுக்கு எதுக்கு இத்தனை காவல்? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எங்கயாவது குடுத்துடுங்க. இல்லேன்னா துப்பாக்கியத்தான் எடுக்கணும். எனக்கும் மனசு வரல."

"சரி," என்றாள் குல்லு.

முதலில் நகரத்திலிருந்து ஒருவன் துமானைக் கேட்டு வண்டியில் வந்தான். பின்னால் கூண்டில் உதடு கிழிந்த நாய் ஒன்று படுத்திருந்தது.

"அதுக்கு ஏன் இப்படி?"

"அது சண்டையில ஜெயிச்ச நாய், அக்கா. தோத்தத நீங்க பாக்கணுமே!"

குல்லு அவனுக்குத் தேநீர் கொடுத்தாள். கூண்டுக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாள். துமானைக் கொடுக்கவில்லை.

அடுத்து துர்சுனே கேள்விப்பட்டு டிராக்டரில் வந்தான். அந்த மாதம் மட்டும் ஓநாய் அவனுடைய நான்கு குட்டிகளைத் தூக்கியிருந்தது. "ஷாகிரண்ணன் நாய எனக்குக் குடுக்க நீங்க யோசிக்கலாமா அண்ணி? என் கண்ணு மாதிரி வெச்சுக்குவேன்."

ஓநாய் கடிக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் இரும்பு முள்பட்டையோடு துமான் டிராக்டரில் ஏறிப்போனது. மறுநாள் விடிகாலையில் பாதமெல்லாம் ரத்தமாகத் திரும்பி வந்துவிட்டது. துர்சுன் மறுபடி வந்து கூட்டிப்போனான். இந்த முறை ஷாகிர் மலையில் போர்த்திக்கொள்ளும் கம்பளி அங்கியையும் எடுத்துப்போய்ப் பட்டியில் விரித்தான். துமான் அதை மிதித்துக்கொண்டே வெளியேறி மறுபடியும் வந்துவிட்டது.

வியாழக்கிழமை துர்சுன் களைத்துப்போய்ச் சொன்னான்: "என் மூஞ்சியப் பாத்தா நாய்கூட நிக்காதாம், வீட்டுல சொல்றா. அப்படி இல்ல அண்ணி. இது அண்ணனத் தேடுது. செத்தவர எங்கேருந்து கொண்டுவர? நானும் என்னதான் பண்றது?"

அவன் போன பிறகு குல்லு அடுப்பருகே உட்கார்ந்து, துமானின் கூழுக்கு வாற்கோதுமை மாவைக் கரைத்தபடி ஜன்னல் வழியே பார்த்தாள். துமான் கூழைத் தேடவில்லை. ஷாகிர் உட்காரும் கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே வீட்டுக்குக் கீழே இருந்த சின்னத் தொழுவத்துக்குப் போனது. கதவில் முதுகைச் சாய்த்து, சாலையைப் பார்த்துப் படுத்தது.

குல்லுவின் கை மாவுக்குள்ளேயே நின்றது.

அந்தக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆடு இருந்தது. யாருக்கும் தெரியாது. வியாபாரி வந்த அன்று அவள்தான் அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அது விற்கக்கூடிய ஆடு இல்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒரு மூடுபனி நாளில் இரண்டு ஊர் மந்தைகளும் கலந்துவிட்டன. பிரித்தபோது துர்சுனின் பெண் ஆட்டுக்குட்டி ஒன்று குறைந்தது. "என்கிட்ட இல்ல," என்றான் ஷாகிர். "நீங்க சொன்னா சரிதான்ணே," என்று துர்சுன் திரும்பிப் போனான். அந்த வருடம் ஓநாய் ஷாகிரின் பதினோரு ஆடுகளைக் கொன்றிருந்தது. அன்று மாலை அவன் அந்தக் குட்டியின் இடது காதை, துர்சுனின் அடையாளக் கீறலோடு சேர்த்து வெட்டிப் போட்டான். சாம்பல் வைத்துக் காயத்தைக் கட்டியவள் குல்லு. பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அடுத்த வருடம் துமான் முகம் புதைத்துத் தூங்கியது அந்த ஆட்டின் வயிற்றில்தான்.

அவள் கதவைத் திறந்தாள். துமான் உள்ளே போய் அந்த வெட்டுக் காதை ஒருமுறை நக்கிவிட்டு, திரும்பி வந்து வாசலில் படுத்தது.

"ஆட்டோடதா நீ," என்றாள் குல்லு. ஐம்பது நாளில் அவள் துமானிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

துர்சுனைக் கூப்பிட்டு ஆட்டையும் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தக் காதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிடும். 'ஹலால்' என்று அத்தனை உரக்கச் சொன்ன மனிதனின் முகத்தை அந்த நொடியில் பார்க்க அவளால் முடியாது. கொடுக்காமல் இருந்தால் நாளை சாயங்காலம் துப்பாக்கி.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஆட்டின் கழுத்தில் கயிறு கட்டி நடந்தாள். துமானுக்குக் கயிறு தேவைப்படவில்லை. ஒரு மணி நேர நடைதான். ஆடு கிழடு, நாயும் நொண்டியது. அடிக்கடி நிற்க வேண்டியிருந்தது. ஓடையில் மூவரும் தண்ணீர் குடித்தார்கள்.

மேட்டில் துர்சுனின் பட்டி தெரிந்தபோது கீழே தொழுகை அழைப்பு ஒலித்தது. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் ஆற்றங்கரையில் கம்பளி அலசும் சத்தம் தூரத்தில் கேட்டது. நண்பகல் வெயிலுக்கு ஆடுகள் பட்டிக்குள் ஒன்றின் நிழலில் ஒன்று தலையை வைத்து நின்றன.

குல்லு படலைத் திறந்தாள். ஒரு காதில்லாத ஆடு சற்று நின்று முகர்ந்தது. பிறகு உள்ளே போய்த் தலையைத் தாழ்த்தி மற்றவற்றோடு நின்றுகொண்டது. துமான் பட்டியை ஒரு சுற்று சுற்றியது. படலுக்கு வெளியே முதுகைச் சாய்த்துச் சாலையைப் பார்த்துப் படுத்தது. அவள் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டபோதும் அது எழவில்லை.

"அல்லாஹ்வே, அவர் எடுத்தத நான் திருப்பிக் குடுத்துட்டேன்," என்றாள்.

படலைக் கட்டினாள். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். வந்த வழியே இறங்கும்போதுதான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது.