கடிகாரச் சாவி

கொரின் ஐஸ் துண்டைக் கரண்டியில் எடுத்து அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனாள். உதடு அதை வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் கன்னத்தோரம் வழிந்து தலையணைக்குள் இறங்கியது. துடைத்துவிட்டு அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். காலையிலிருந்தே மூச்சு நின்று நின்றுதான் வந்துகொண்டிருந்தது. இருபது எண்ணினால் வரும். இந்த முறை அறுபது எண்ணியும் வரவில்லை.

"போயிட்டான்டி," என்றாள் வெர்னா அத்தை, கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து.

அத்தை அழவில்லை. எழுந்து ஜன்னலை ஒரு சாண் மேலே தூக்கிவிட்டாள். உயிர் வெளியே போக வழி வேண்டும். பிறகு தம்பியின் சட்டைப் பையில் கைவிட்டு அந்தச் சின்னச் சாவியை எடுத்தாள். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து ஊசலைப் பிடித்து நிறுத்தினாள். அந்த மலைப் பக்கத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் காரியம் இதுதான். முட்கள் இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் நின்றன.

அதைப் பார்த்தபோதுதான் கொரினுக்கு இமோஜீனின் நினைவு வந்தது. இமோஜீன் இன்னும் பள்ளத்தாக்குச் சாலையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள்.

இமோஜீன், கொரினின் அப்பா நீதிபதி அமோஸ் லெட்பெட்டருக்கு முப்பத்தோரு வருடமாகச் செயலாளர். ஒன்றரை மணிக்கு அவருக்குக் கடைசியாக நினைவு தெளிந்தபோது, நாற்பத்தொரு பக்கத் தீர்ப்பை அவர் நெஞ்சின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். அவர் கண்ணாடியை மாட்டச் சொல்லி, கடைசிப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

"சீக்கிரம் போ. நான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கறப்பவே கோர்ட்ல பதிவாகணும்," என்றார். "செத்தவன் கையெழுத்து செல்லாது."

"ஐயா, அப்படியெல்லாம் பேசாதீங்க."

"சட்டத்தைச் சொல்றேன். அழறதுன்னா கார்ல போய் அழு."

மத்திய அரசின் ஃபெடரல் நீதிபதி என்றால் சும்மாவா? அதிபர் ஒருமுறை உட்காரவைத்துவிட்டால் சாகும்வரை எளிதில் எவனும் இறக்கிவிட முடியாத நாற்காலி. ஆனால் சாகும்வரைதான், அதற்குமேல் ஒரு நிமிடம்கூட இல்லை. தீர்ப்பு பதிவாவதற்குள் நீதிபதி போய்விட்டால் அது வெறும் தாள். வழக்கு வேறொருவர் கைக்குப் போய் முதலிலிருந்து தொடங்கும்.

விடுதலை தரும் அந்தத் தாளுக்காகச் சிறையில் காத்திருந்தவன் பெயர் வெண்டல் ப்ரூயிட். செய்யாத கொலைக்காகப் பத்தொன்பது வருடமாக உள்ளே இருந்தான். ஈரல் கெட்டு, இன்னொரு விசாரணை முடியும்வரை தாங்க மாட்டான் என்று சிறை மருத்துவரே எழுதிக் கொடுத்திருந்தார். பதினோரு வருடத்துக்கு முன்பே அவன் மனு இதே நீதிபதியிடம் வந்தது. கெடு தாண்டி ஒரு நாள் தாமதம். உள்ளே என்ன இருக்கிறது என்று புரட்டிக்கூடப் பார்க்காமல் அப்பா அதைத் தள்ளுபடி செய்தார். கொலை நடந்த அன்று வெண்டல் பக்கத்து மாநிலத்தில் உடைந்த காலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்கிற சீட்டு அந்த மனுவுக்குள்தான் இருந்தது. இரண்டாவது முறை மனு வந்தபோதுதான் அப்பா அதைப் பார்த்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

கொரின் போனை எடுத்து இமோஜீனின் எண்ணைப் போட்டாள். மணியே அடிக்கவில்லை. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. வெளியே மழை விழுந்த இடத்திலேயே உறைந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் எங்கேயோ ஒரு கிளை பாரம் தாங்காமல் படாரென்று முறிந்தது.

"நர்ஸைக் கூப்பிடு," என்றாள் அத்தை. "போனதும் கூப்பிடச் சொல்லியிருக்கால்ல?"

"கொஞ்சம் இருங்க அத்தை."

"எதுக்கு?"

கொரின் பதில் சொல்வதற்குள் கையிலிருந்த போன் அலறியது. நர்ஸ் லொரெட்டாதான்.

"ஐயா எப்படி இருக்கார்? ரோடு மோசமாயிட்டு வருது, அதான் இருட்டறதுக்கு முன்னாடி வந்து பார்த்துடலாம்னு."

கொரின் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"தூங்கறார்," என்றாள்.

"நல்லது. மூணே காலுக்குள்ள வந்துடறேன்."

கொரின் போனை வைத்தாள். ஐம்பத்திரண்டு வயதில், அதுவும் இந்த மனிதர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பொய். காலை ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்கிறவர். ஒரு நிமிடம் தாமதமாக வந்த வக்கீலை நாள் முழுக்க நிற்கவைத்தவர். பக்கத்து வீட்டுக்காரி அன்பாகக் கொடுத்த ஒரு பாட்டில் ஆப்பிள் ஜாமைக்கூட, அவள் மாமன் மகனுக்கு என்றைக்காவது வழக்கு வரலாம் என்று திருப்பி அனுப்பியவர். அப்பாவுக்காகத்தான் இதைச் செய்கிறாள். அப்பா உயிரோடிருந்தால் அவளைத்தான் முதலில் கூண்டில் ஏற்றுவார்.

"தூங்கறாரா?" என்றாள் அத்தை.

கொரின் விஷயத்தைச் சொன்னாள். ஒரு மணி நேரம் போதும், நர்ஸ் கேட்டால் இமோஜீன் பதிவு செய்த பிறகுதான் அப்பா போனார் என்று சொல்லிவிடலாம். அரசு வக்கீல்கள் சாவு நேரத்தை நிமிடம் நிமிடமாகத் துருவுவார்கள். நர்ஸ் எழுதுவதுதான் கணக்கு.

அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க டேனி மாட்டிக்கிட்டப்ப இதே வீட்டுக்கு வந்தேன். கேஸு இவன்கிட்டகூட இல்ல. 'நல்ல பையன்தான்'னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுடா, வேற எதுவும் வேணாம்னேன். 'கோர்ட்டு விதி இடம் கொடுக்காதுக்கா'ன்னான். கூடப்பொறந்தவ அழுதுக்கிட்டு நிக்கறேன், வாட்சைப் பார்த்தான். ஆறு வருஷம் போட்டாங்க என் புள்ளைக்கு."

"தெரியும் அத்தை."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப இவனுக்காக நான் பொய் சொல்லணும். சர்ச்சுல நாப்பது வருஷமா பைபிள் பாடம் எடுக்கறவ."

"அப்பாவுக்காக இல்ல, அந்த வெண்டலுக்காக."

"அவனுக்கும் அம்மா இருக்காளா?"

"இருக்காங்க. எண்பத்து நாலு வயசு. வாரா வாரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வராங்க."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தம்பியின் காலைப் பார்த்தபடியே இருந்தாள். நர்ஸ் வந்ததும் என்ன சொல்வாள் என்று அந்த முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கொரினுக்குக் கேட்கவும் பயமாக இருந்தது.

இரண்டரை ஆயிற்று. மூன்றடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. கொரின் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு இரண்டு முறை மங்கி மங்கி எரிந்தது. கோர்ட்டில் மின்சாரம் போனால்? இமோஜீனின் கார் சறுக்கியிருந்தால்? திறந்த ஜன்னல் வழியாகப் பனிக்காற்று வந்து அப்பாவின் நரைமுடியை அசைத்தது. ஒவ்வொரு முறை அசையும்போதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மூன்று ஏழுக்கு போன் அடித்தது.

"ஏத்தியாச்சு," இமோஜீனுக்கு மூச்சு வாங்கியது. "கார் ரெண்டு தடவை சறுக்கிடுச்சு. மூணு மணி நாலு நிமிஷம்னு பதிவாயிருக்கு. வெண்டலோட அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அந்தம்மா பேசவே இல்ல, போனை வச்சிட்டாங்க. ஐயாகிட்டச் சொல்லிடு கொரின். காதுல விழுமா அவருக்கு?"

"மூணு நாலு," என்று கொரின் திரும்பச் சொன்னாள். "சொல்லிடறேன்."

வாசலில் சரளைக்கல்மேல் டயர் நெரிபடும் சத்தம் கேட்டது. கொரின் ஓடிப்போய், உறைந்த படிகள் வழுக்காமலிருக்க உப்பை அள்ளிப் போட்டு, லொரெட்டாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"இப்பதான்... அஞ்சு நிமிஷம்கூட இருக்காது," என்றாள்.

"ஐயோ, பாவம்."

நர்ஸ் கோட்டைக் கழற்றாமலே கட்டிலருகே குனிந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். தாடையைத் தொட்டாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

"கை ரொம்பச் சில்லுன்னு இருக்கே."

கொரின் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள்.

"ஜன்னலைத் தொறந்து வச்சிருக்கோம்ல," என்றாள் அத்தை, நாற்காலியிலிருந்து எழாமல்.

நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். கிழவியைப் பார்த்தாள். பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"நேரம் சொல்லுங்க. சரி விடுங்க, எங்க ஊர்லயும் இதே வழக்கம்தான்." சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

கடிகாரம்! போன், உப்பு, கார் என்று எல்லாவற்றையும் யோசித்த கொரின் அதை மறந்தேபோயிருந்தாள். இரண்டு ஐந்து. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"மூணு பத்து," என்று படித்துக்கொண்டே எழுதினாள் நர்ஸ்.

கொரின் கண்ணைத் திறந்தாள். ஊசல் அசையாமல்தான் தொங்கியது. முட்கள் மட்டும் நகர்ந்திருந்தன: சின்னது மூன்றைத் தாண்டியிருந்தது, பெரியது ஒரு சுற்றுப் போய் இரண்டின் மேல் நின்றது.

அத்தை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கட்டிலுக்கு வந்து, உள்ளங்கையில் வியர்த்துப்போயிருந்த சின்னச் சாவியைத் தம்பியின் சட்டைப் பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டிவிட்டாள்.