ஊற்றியவளும் ஊற்றச் சொன்னவனும்

நுவரெலியாவுக்குச் சீசன் பார்க்க வரும் அன்பர்களே, சற்று நில்லுங்கள். பூந்தோட்டமும் குதிரைப் பந்தயமும் எங்கும் ஓடிவிடா. முதலில் என்னோடு ஒரு ஹோட்டலின் முன்கூடத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதன் முன்னால் பட்டப்பகலில் நடந்த அநியாயத்துக்கு நீங்களும் சாட்சியாக வேண்டும்.

அது உப்புநீர்த் தொட்டி. உள்ளே உயிருள்ள பவளப் பாறைகள், இறால்கள், நத்தைகள், மஞ்சள் மீன்கள், கடற்சாமந்தியின் விரல்களுக்குள் குடியிருந்த ஒரு சோடிக் கோமாளி மீன்கள். குளிரில் மூச்சு புகையாகும் இந்த மலையில் அந்த நீரைக் கடலின் சூட்டில் வைத்திருந்தவள் சண்முகவடிவு. கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். கூட்டித் துடைக்க வந்த இடத்தில் தொட்டி வேலையையும் பழகிக்கொண்டாள். உப்புத் தூளை அளந்து கலக்குவது, கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவது, தீனி போடுவது எல்லாம் அவள்தான். அவளுடைய கணவன் அழகன் தோட்டத்தில் மருந்தடிப்பவன். தேயிலையில் கொப்புள நோய் கண்டால் செம்பு மருந்துப் பீப்பாவை முதுகில் சுமப்பவன். "கடலுக்கே கங்காணி ஆயிட்டா எம் பொண்டாட்டி. மீனெல்லாம் பெரட்டுக்கு ஒழுங்கா வருதா?" என்று, தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டை வைத்துச் சீண்டுவான். "ஒன்னய விட ஒழுங்காத்தான் வருது, போ" என்பாள்.

சீசன் நெருங்கியபோது மேலாளர் நிரோஷன் புதிய மீன்களை வாங்கி, தனியே வைத்துப் பாராமல், நேராகத் தொட்டியில் விட்டான். சில நாட்களில் மீன்களின் உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் எழுந்தன. அவை பாறையில் உடம்பைத் தேய்த்தன; செவுள்கள் படபடக்க மூச்சு வாங்கின. ஹற்றனில் மீன் கடை வைத்திருக்கும் மஃறூப் வரவழைக்கப்பட்டார்.

"இது பூச்சி. மீன்ட தோலுக்குள்ள பூந்திருக்கு" என்றார் அவர். "எல்லா மீனையும் புடிச்சி வேற தொட்டில போடுங்க. கல்லு, மணல் ஒண்டும் அதுல வாணாம். அதுக்குத்தான் இந்தச் செம்பு மருந்து. இந்தத் தொட்டில மட்டும் ஊத்திராதீங்க தம்பி. பவளம், இறால் எல்லாம் மௌத்தாகிரும்."

"புள்ளி இல்லாத மீனையுமா?" என்றான் நிரோஷன்.

"எல்லாத்தையும். ஒண்டு மிஞ்சினாலும் பூச்சி அதுல ஒட்டிக்கும். இங்க மீனே இல்லாம ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கணும். அப்பதான் பூச்சி பட்டினில சாகும்."

"சீசன்ல வர்ற ஆளுங்களுக்கு வெறுங்கல்லையா காட்டச் சொல்றீங்க?"

"பூச்சிக்குச் சீசன் தெரியுமா தம்பி?" என்று சிரித்து, மருந்துப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார் மஃறூப்.

சண்முகவடிவு பின்கட்டில் கிடந்த கண்ணாடித் தொட்டியைக் கழுவி, உப்புநீர் நிரப்பி, சூடேற்றியும் வைத்தாள். மீன் பிடிக்கும் வலையோடு அவள் முன்கூடத்துக்கு வந்தபோது நிரோஷன் வழிமறித்தான்.

"வலையெல்லாம் வேணாம். இதுலயே ஊத்து."

"மஃறூப் நானா வேணாம்னாருங்களே, சார்."

"மஃறூப் நானாவா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாரு? கொஞ்சமா ஊத்து, ஒண்ணும் ஆவாது."

ஊற்றினாள். தவறென்று தெரிந்தே ஊற்றினாள். ஏன் என்று அவளைக் கேட்காதீர்கள். காலைப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி, மேலே இருப்பவன் சொன்னால் கேள்வி கேளாதே என்று தலைமுறை தலைமுறையாக அவளைப் பழக்கியவர்களைக் கேளுங்கள். நிரோஷனும் அதே வரிசையில் நின்றவர்களின் மகன்தான். தோட்டத்து லய வரிசை வீடுகளில் அவளை அக்கா என்றழைத்து வளர்ந்தவன், கழுத்துப்பட்டி கட்டியதும் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினான். களத்தை விட்டு அவன் வந்துவிட்டான்; களம் அவனை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலையில் இறால்கள் கால்களை மேலே தூக்கிக் கிடந்தன. பவளத்தின் சதை குழம்பாகக் கழன்றது. கடற்சாமந்தி சுருங்கி அழுகி நாறியது. செய்தி கேட்டு ஓடி வந்த மஃறூப்பும் அவளும் மீன்களை அள்ளிப் பின்கட்டுத் தொட்டிக்கு மாற்றினார்கள். கைகள் நனைந்து நின்ற அந்த வேளையில் கொழும்பிலிருந்து முதலாளி வந்து இறங்கினார்.

நிரோஷன் முந்திக்கொண்டான். "இதோட புருசன் தேயிலைக்கு மருந்தடிக்கிறவன் சார். அந்த மருந்தக் கொண்டாந்து ஊத்தியிருச்சு."

பொய் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்தது, பாருங்கள்! மருந்தடிப்பவனின் மனைவி; செம்பு அவள் வீட்டுச் சாமான். இனி விசாரணை எதற்கு?

"அது என்ட கடை மருந்து, முதலாளி" என்றார் மஃறூப்.

"அப்ப யாரு ஊத்துனது?"

மஃறூப் நிரோஷனைப் பார்த்தார். அந்த ஹோட்டல் அவருடைய பெரிய வாடிக்கை. "நான் பார்க்கல்ல" என்றார். அதுவும் உண்மைதான்.

"நாந்தாங்க ஊத்துனேன்" என்றாள் சண்முகவடிவு. "சார் ஊத்தச் சொல்லித்தான் ஊத்துனேன்."

முதல் வாக்கியத்தோடு முதலாளியின் காது மூடிக்கொண்டது. அன்று பகலே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மஃறூப் ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார். அது காய்ந்த பிறகும் துடைத்தார்.

இப்போது தொட்டியில் புதுநீர். நோய் போயிற்று, மீன்கள் திரும்பிவிட்டன. செத்த பவளங்கள் பளிச்சென்று வெளுத்திருக்கின்றன. விருந்தினர்கள் அந்த வெண்மையை அழகென்று நினைத்து, பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். வெளியே, கந்தப்பளை பஸ்ஸில் வந்து இறங்கி, முதலாளியிடம் அந்த இரண்டாவது வாக்கியத்தை மறுபடி சொல்ல வேண்டுமென்று கேட்டபடி ஒருத்தி வாசலில் நிற்கிறாள். காவலாளி அவளை உள்ளே விடுவதில்லை.

உங்களை விடுவான். ஆகவே உள்ளே போங்கள். படம் எடுக்காதீர்கள். வரவேற்பு மேசையில் கைவைத்து, ஊற்றச் சொன்னவர் யார் என்று உரக்கக் கேளுங்கள். பதில் வரும்வரை தொட்டியைப் பாருங்கள்: கடற்சாமந்தி இருந்த வெற்றிடத்தில், இல்லாத விரல்களுக்குள் உடம்பை நுழைத்து நுழைத்து, கோமாளி மீன்கள் இரண்டும் அசைந்துகொண்டிருக்கும்.