கமாவுக்கு அப்புறம்

டைப்பிஸ்டுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. காயம் ஆறும்வரை வாயே திறக்கக்கூடாது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தூக்கத்தில்கூடப் பேசுகிற மனிதருக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

மனைவி முன்னறையில் துணி தைப்பவள். மிஷினை விட்டு அடிக்கடி எழுந்து ஓட முடியாது. அதற்கு வழி செய்தவள் அவளுடைய தங்கை, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள். தன்னிடம் இருந்த பழைய கம்ப்யூட்டரை மாமாவின் படுக்கையருகே வைத்து, நீள வயர் இழுத்து முன்னறை டிவியில் மாட்டினாள். பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் சின்னதாக ஒரு புரோகிராமும் எழுதினாள். மாமா தட்டுத்தடுமாறி அடிப்பது தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று, அடிக்கும் எழுத்தைக் கருப்புத் திரையில் கருப்பாகவே மறைத்துவிட்டாள். என்டர் தட்டினால் முடிந்த வரி மட்டும் கொட்டை எழுத்தில் வரும்.

மறுநாளே டிவியில் வந்தது, "சாப்பாடு வேண்டாம்" என்று. கொஞ்ச நேரத்தில், "இங்கே வராதே."

அவளுக்குச் சுருக்கென்றது. வலியில் எரிந்து விழுகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் சிரித்தார். சொல்வதையும் சொல்லிவிட்டு இளிப்பு வேறா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே விசைகள் வெகுநேரம் படபடக்கும், வெளியே வருவதோ இரண்டு சொல். எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். காலமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு டைப் அடித்தவர் என்பது அந்தக் கோபத்தில் ஞாபகம் வரவில்லை.

பிறகு ஒருநாள் காலை டிவியில் வந்தது: "உன் தங்கை வீட்டுக்குப் போ."

தைத்த துணியை அப்படியே போட்டுவிட்டுப் பையில் புடவைகளைத் திணித்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும், குரல் போனதும் நான் வேண்டாதவளாகிவிட்டேனா என்று தங்கைக்குப் போன் செய்து அழுதாள்.

ஓடி வந்த தங்கை நேரே மாமாவிடம் போய், காலையில் அடித்ததை மறுபடி அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று அவர் விரல்களைப் பார்த்தாள். அவை அடித்தது: "உன் தங்கை வீட்டுக்குப் போ, ரெண்டு நாள் நல்லாத் தூங்கிட்டு வா, நீ ரொம்ப இளைச்சுட்டே." முன்னறையில் எட்டிப் பார்த்தால் டிவியில் முதல் துண்டு மட்டும் நின்றது. தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பு என்னோடது. புரோகிராம்ல வெறும் இன்புட்னு கட்டளை எழுதினா, கமா வந்ததும் பதில் முடிஞ்சதுன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடும். போட்டுட்டேன்னு சொல்லத்தான் செய்யும், அதையும் நானே கருப்புல மறைச்சு வச்சிருக்கேன்."

டைப்பிஸ்டின் விரல் மூச்சு விடுவதுபோலக் கமா போடும். அதை யாரால் நிறுத்த முடியும்? சாப்பாடு வேண்டாம் என்றதற்குப் பின்னால் நீ முதலில் சாப்பிடு என்று இருந்தது. வராதே என்றதற்குப் பின்னால் கைவேலையை முடித்துவிட்டு நிதானமாக வா என்று இருந்தது. தங்கை அவரை மறுபடி அடிக்கச் சொல்லி, விரல்களைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தங்கை புரோகிராமைத் திறந்து இன்புட்டுக்கு முன்னால் லைன் என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். இனி என்டர் தட்டும்வரை வரி முழுசாக வாங்கிக்கொள்ளும், கமாவோடு. அக்காவை முன்னறைக்கு அனுப்பிவிட்டு, நடந்ததையெல்லாம் மாமாவிடம் சொன்னாள்.

உள்ளே விசைகள் படபடத்தன. டிவியில் வரி வந்தது.

"வேண்டாம்னு சொன்னதா நெனச்சும், வேளை தவறாம சாப்பாடு எடுத்துட்டு வந்தியே, அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல, போகாதே."

அவள் கடைசிச் சொல்வரை படித்தாள். தங்கையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே போய் அவர் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"நன்றியெல்லாம் வெளியாளுக்குச் சொல்லுங்க," என்றாள். "நான் எங்கயும் போகல."